ஆத்துக்கு இந்தப் பக்கம்

எங்க தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எங்கள் கிராமத்தின் நாலு எல்லையும் அவர் காலுக்குத் தெரியும். ஊருக்கு வெட்டியான் அவர். இரண்டு காட்டுக்காரர்களுக்கு வரப்புத் தகராறு வந்தால் கர்ணம் புலப்பட நோட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, "கூப்பிடுறா வெட்டியான" என்பார். தாத்தா வருவார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்புமேல் போவார். ஓரிடத்தில் நின்று வலது கால் பெருவிரலால் மண்ணைக் கீறுவார். "கல்லு இங்கதான் இருக்குதுங்க ஆண்ட." கடப்பாறையை விட்டால் டங்கென்று சத்தம் வரும். அவர் சொன்னதை இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும். அதன்பிறகு தண்ணி கேட்டால் கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள்.

நிலத்தைப் பற்றி அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தையில்லை. அந்த நிலத்தில் ஒரு சாண்கூட அவருடையதில்லை. கெங்கவல்லி வட்டாரத்தின் பூகோளத்தை நான் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பூகோளம் வேறு. சேலம் மாவட்டத்தின் கிழக்கே ஆத்தூர், அதற்குத் தெற்கே கெங்கவல்லி. வடக்கே கல்வராயன் மலை, மேற்கே கொல்லிமலை, தெற்கே பச்சைமலை. மூன்று மலைக்கும் நடுவில் ஒரு தட்டு மாதிரி கிடக்கும் சமவெளியில் இரண்டு ஆறு. ஆத்தூர் வழியாகப் போவது வசிஷ்ட நதி, தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் பக்கமாகப் போவது சுவேத நதி. இரண்டும் கிழக்கே போய்ச் சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். சுவேதம் என்றால் வடமொழியில் வெள்ளை. சனங்கள் வெள்ளாறு என்று சொன்னதற்கு யாரோ பூணூல் மாட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் யாரும் சுவேத நதி என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆறு என்றால் ஆறுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊர், ஆத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

எல்லா ஊருக்கும் ஆறு குறுக்கே ஓடவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் கூடமலை, கடம்பூர், நடுவலூர், தெடாவூர், செந்தாரப்பட்டி என்று எங்கே போய் இறங்கினாலும் சேரி எங்கே இருக்கும் என்று வழி கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். ஏரி என்றால் ஏரிக்குக் கீழே, வாய்க்கால் என்றால் கடைமடையில், ஊர்ச்சாக்கடை என்றால் அது நிற்குமிடத்தில். மழை கனத்தால் முதலில் எங்கள் சுவர் இடியும். மழை பொய்த்தால் முதலில் எங்கள் கிணறு வற்றும். மாவட்ட விவரக் கையேடுகளில் மண் வகை, மழையளவு, சாகுபடிப் பரப்பு எல்லாம் பட்டியல் போட்டிருக்கும். இந்த ஒரு சரிவை மட்டும் எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

மண் இரண்டு வகை. மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும். ஆத்துப்படுகையை ஒட்டிக் கருப்பு மண். எங்கள் பக்கம் புஞ்சையைக் 'காடு' என்போம். காட்டுக்குப் போறேன் என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். யாருடைய காட்டுக்கு என்பதுதான் கேள்வி.

இந்தக் காடுகள் எப்படி யார் யாருக்குப் போயின என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. திப்பு சுல்தானோடு போட்ட சீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி 1792இல் சேலமும் பாரமகாலும் கம்பெனிக்காரன் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோ முதலான அவர் உதவியாளர்களும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று பின்னால் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இந்த மாவட்டம்தான் நாற்றங்கால். ரீடும் மன்றோவும் புத்தகங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கிலி பிடித்தவன், எல்லைக்கல்லைத் தலையில் சுமந்தவன், இது இன்ன ஓடை இது இன்ன கரடு என்று பெயர் சொன்னவன் எங்கே இருக்கிறான்? அளந்த நிலத்துக்கு உழுதவன் பேர் எழுதப்படவில்லை. உழ வைத்தவன் பேர் எழுதப்பட்டது. 1802க்குப் பிறகு இதே மாவட்டத்தில் நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டபோதும் அதே கதைதான். ஏலம் கேட்கப் பணம் யாரிடம் இருந்தது?

அதற்கப்புறம் வந்தது தாது வருசத்துப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. இதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள் என்று நினைக்கலாம். போதாது என்கிறேன். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் சனத்தொகை 19,66,995. 1881இல் அது 15,99,595. பத்து வருசத்தில் பிறந்ததெல்லாம் போக, நிகரமாக 3,67,400 பேர் குறைந்துவிட்டார்கள். நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு கதவு சாத்திக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு இருந்த வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்பது வேறு விஷயம். களத்தில் நெல்லும் கம்பும் வைத்திருந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்தான். அன்றைய கூலியை அன்றைக்கே தின்றவன் தெருவில் செத்தான்.

பஞ்ச நிவாரணம் என்று ரோடு போடவும் குளம் வெட்டவும் ஆள் எடுத்தார்கள். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரபு வந்து, இந்தக் கூலி சாஸ்தி என்று குறைத்தார். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், மேல்செலவுக்கு அரையணா. ஒரு ராத்தல் என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். அப்போது சென்னையில் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே இது கொலைபாதகம் என்கிற மாதிரி சண்டை போட்ட பிறகுதான் சில மாதம் கழித்துக் கூட்டினார்கள். நல்லவன் எங்கேயும் ஒருத்தன் இருப்பான், அவன் ஜெயிப்பதற்குள் பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எங்க பாட்டி அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவளில்லை. அவளுடைய பாட்டி பார்த்தவள். கத்தாழைக் குருத்தை வேகவைத்துத் தின்றது, ஆலம்பழம் பொறுக்கியது, எறும்புப் புற்றைத் தோண்டிப் புல்லரிசி எடுத்தது என்று வாய்வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சரித்திரம் அது. "எங்கப்பாரோட கூடப் பொறந்தவங்க ஏழு பேரு. பஞ்சத்துக்குப் பொறவு ரெண்டு பேரு" என்று பாட்டி சொல்லுவாள். அழுதுகொண்டு சொல்ல மாட்டாள். முறுக்குப் பிழிந்துகொண்டே சொல்லுவாள்.

பிழைத்தவர்களில் ஒரு பகுதி கடல் தாண்டியது. பஞ்சத்துக்கு முன்பே அந்தப் பாதை திறந்திருந்தது. இலங்கையில் கண்டி மலைக்காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட ஆள் தேவைப்பட்ட நாளிலிருந்து, ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், துறையூர், முசிறி, பெரம்பலூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து கங்காணிகள் பட்டாளம் பட்டாளமாக ஆள் கட்டினார்கள். இன்றைக்கு மலையகத் தமிழர் வீடுகளில் பூர்வீகம் எது என்று கேளுங்கள். சேலம் சில்லா, திருச்சி சில்லா என்று சொல்பவர் நிறையப் பேர். நடந்தே போய்த் தெற்குக் கடற்கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, திரும்பவும் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தவனுக்குக் கடன் காத்திருந்தது. வழிச்செலவு, சோத்துச்செலவு, கங்காணிக் கமிஷன் எல்லாம் அவன் பேரில் பற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள்.

காப்பி என்று சொன்னேன். அந்தச் செடி பிறந்த மண் எத்தியோப்பியாவின் தென்மேற்கு. அந்தப் பக்கத்தில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்களில் ஒரோமோ மக்கள் உண்டு. நம்மில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சரியாக நம்முடைய சனம் கண்டி மலையில் இருந்த காலத்தில், மன்னன் மெனிலிக்கின் துப்பாக்கிப் படை தெற்கே இறங்கி ஒரோமோ நிலங்களைப் பிடித்தது. பிடித்த நிலத்தைச் சிப்பாய்களுக்கும் கோவில் குருமார்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை சொந்தக்காரனாக இருந்தவன் 'கப்பார்' ஆனான். விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும், தேன் கொடுக்க வேண்டும், எசமானன் வீட்டுக்கு விறகு வெட்டி வேலி அடைக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துப் படியாளைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. ஒரு வித்தியாசம்: அவனுக்கு நிலம் பறிபோன தேதி தெரியும். நமக்குத் தெரியாது. 1974 புரட்சிக்குப் பிறகு, 1975 மார்ச்சில் அங்கே கிராமத்து நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கிக் குத்தகையை ஒரே பிரகடனத்தில் ஒழித்தார்கள். அதனால் விடிந்துவிட்டதா என்றால் இல்லை. எசமானன் போனான், சர்க்கார் எசமானனாக வந்தான். தலைநகர் அடிஸ் அபாபாவை விரிவாக்கும் திட்டத்துக்குத் தங்கள் விளைநிலம் போகிறது என்று 2014இலும் 2015, 2016இலும் ஒரோமோ மாணவர்களும் விவசாயிகளும் தெருவுக்கு வந்து சுடப்பட்டார்கள். எங்கே போனாலும் காலடி மண்ணைப் பற்றித்தான் பேச்சு.

இலங்கைக் காப்பி 1869 முதல் இலைத்துரு நோயில் அழிந்தது. தேயிலை வந்தது. நம்முடைய சனம் அங்கேயே இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச்சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இதில் அதுவும் இல்லை.

அப்படிப் பங்கில் வந்தவர்களில் எங்க பாட்டியின் தங்கை குடும்பமும் ஒன்று. நான் அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, ஒருநாள் சாயங்காலம் தகரப்பெட்டியோடு எங்கள் தெருவில் வந்து நின்றார்கள். சின்னப்பாட்டி கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எங்கள் ஊர் வெயிலில் கம்பளிச் சட்டையை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். நாலு நாள் கழித்து, ஊர்த்தெரு வழியாகச் செருப்புப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். தெரியாமல்தான் போனாள். தோட்டத்தில் அவளைக் கூலி என்றார்கள், அடித்தார்கள், ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. இங்கே கழற்ற வைத்தார்கள். செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "அக்கா, இதுக்காடி நூறு வருசமா ஊரு ஊருன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தோம்?" என்று கேட்டாள். அடுத்த மாதமே கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கப் போய்விட்டார்கள். பிறகு வரவேயில்லை.

படியாள் என்று மேலே ஒரு சொல்லைப் போட்டேன். இளைய தோழர்களுக்கு விளக்க வேண்டும். வருசக் கூலிக்குப் பண்ணையில் கட்டுப்பட்டவன் படியாள். மாதத்துக்கு இத்தனை வள்ளம் கம்போ சோளமோ ராகியோ, வருசத்துக்கு இரண்டு வேட்டி, ஒரு கம்பளி. முன்பணம் வாங்கியிருப்பான், அது தீராது. அப்பன் செத்தால் மகன் தலையில் ஏறும். பெண்டாட்டி மாட்டுக்கொட்டாயில் சாணி அள்ளுவாள். அதற்குத் தனிக்கூலி இல்லை, பழைய களியும் மோரும். எங்க அப்பா 19 வருசம் படியாளாக இருந்தார். என்னை மாடு மேய்க்க விடச் சொல்லிப் பண்ணைக்காரர் கேட்டபோது, "பள்ளிக்கொடத்துல சோறு போடுறாங்க ஆண்ட, அதுக்குத்தான் அனுப்புறன்" என்றார். படிப்புக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்த மாதிரி தெரியவில்லை. படியாள் முறையை ஒழித்தது சட்டமல்ல, குச்சிக்கிழங்கு என்றுதான் நான் சொல்வேன்.

குச்சிக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பொருளாதாரமே அதன் தலையில் நிற்கிறது. புத்தகத்தில் மரவள்ளி என்று இருக்கும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்ற வியாபாரிகள் கிழங்கிலிருந்து மாவு எடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் சேகோ ஆலைகளின் தொடக்கம். 1981இல் சேலத்தில் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாக சேகோசர்வ் ஏற்பட்டது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி எங்கும் செம்மண் காட்டில் கிழங்கு ஏறியது. பத்து மாசப் பயிர். கம்பும் சோளமும் மாதிரி வருசம் முழுக்க ஆள் வேண்டாம். நடும்போது ஆள், களையெடுக்க ஆள், பிடுங்கும்போது ஆள். அப்புறம் எதற்கு ஒருத்தனுக்கு வருசம் முழுக்கக் கம்பு அளந்து போட வேண்டும்? படியாளைக் கழித்துவிட்டார்கள். அப்பா விடுதலையானது இப்படித்தான். விடுதலையான மறுநாள் வீட்டில் சோறு இல்லை.

கிழங்கு இப்போது காண்ட்ராக்ட்டில் நடக்கிறது. லாரியோடு ஒரு செட் ஆள் வரும். புடுங்கி, வெட்டி, ஏற்றிக்கொடுத்தால் மூட்டைக் கணக்கில் காசு. ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைச் சோதித்து 'பாயின்ட்' போட்டு விலை வைப்பார்கள். பாயின்ட்டில் ஏமாற்றுகிறார்கள் என்று காட்டுக்காரர் சங்கம் வைத்துக் கத்துவார், பேப்பரில் வரும். நியாயம்தான். ஆனால் அந்த ஆலையின் சிமெண்டுக் களத்தில் சித்திரை வெயிலில் ஈர மாவையும் திப்பியையும் துழாவிக்கொண்டிருக்கிற பெண்களுக்குப் பாயின்ட் இல்லை, சங்கமும் இல்லை. கால் வெந்துபோகும். கிழங்குத் தண்ணி வெளியே ஓடி ஓடை முழுக்க நாறும். அந்த ஓடை எந்தப் பக்கம் வடியும் என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

கிழங்கோடு மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள், தண்ணீர் உள்ள இடத்தில் பாக்குத்தோப்பு. பாக்குத்தோப்புக்குள் போனால் மலையாள தேசம் மாதிரி குளுகுளுவென்றிருக்கும். அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்றால் கீழேயிருந்து. எங்க அப்பா காலத்தில் ஐம்பது அடிக் கிணற்றில் கவலை ஓட்டினார்கள். பிறகு கரண்ட் மோட்டார். பிறகு கிணற்றுக்குள்ளேயே துளை. இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்கள். போர் போட லட்சக்கணக்கில் வேண்டும். ஆக, மழைத்தண்ணி எல்லோருக்கும் பொது என்றிருந்த கொஞ்சநஞ்சமும் போய், காசுள்ளவன் எவ்வளவு ஆழம் போகிறானோ அவ்வளவு தண்ணி என்றாகிவிட்டது. ஆத்தில் இப்போது தண்ணி ஓடுவது வருசத்தில் சில நாள். மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டதால் ஊற்றுக்குழியும் இல்லை. நாங்கள் ஆத்தில் ஊற்று தோண்டித்தான் குடித்து வளர்ந்தோம். ஊர்க்கிணற்றில் விடவில்லை என்பதற்காக ஆறு எங்களுக்குத் தந்தது அது.

வீரகனூர் சந்தை, தலைவாசல் காய்கறி மார்க்கெட், தம்மம்பட்டி மரச்சிற்பம் என்று மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். தம்மம்பட்டிச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமியும் வாகனமும் வாகை மரத்தில் அற்புதமாகச் செதுக்குவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செதுக்கி முடித்த வாகனத்தில் சாமி ஏறி உட்கார்ந்துவிட்டால் அது எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெரு முனையோடு திரும்பிப் போய்விடும் என்பதுதான் நமக்குக் கேள்வி.

பச்சைமலை மேலே மலையாளிகள் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர் அல்ல, மலையில் வாழ்வதால் வந்த பெயர். அரசாங்கப் பட்டியலில் பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்று பூர்வீகக் கதை சொல்வார்கள். காடு அவர்களுடையதாக இருந்தது. 1882 வனச் சட்டத்துக்குப் பிறகு அவர்களே காட்டுக்குள் திருடர்கள் ஆனார்கள். புளியும் தினையும் பலாவும் கொண்டுவந்து எங்கள் தெருவில் கம்புக்கு மாற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்களும் கிழங்கு புடுங்க இறங்கி வருகிறார்கள். லாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து போகிறோம். சோத்துப் போசியைத் திறக்கும்போது தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

தள்ளி உட்காருவதைப் பற்றிப் பேசினால் நம்மையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவுக்கும் அப்பால், இன்னும் கொஞ்சம் சரிவில், அருந்ததியர் தெரு. சர்க்கார் எங்களுக்கு வெட்டிக்கொடுத்த கிணற்றில் அவர்களை இறங்கவிடாமல் எங்க பெரியப்பாமார்கள் நின்றதை நான் சிறுவனாகப் பார்த்தேன். என் அப்பாவும் அதில் நின்றார். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில் முணுமுணுப்பு கேட்டது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றபோதும் கேட்டது. அந்தக் கிணற்றைப் பார்த்தவன் முணுமுணுக்க முடியாது.

தலைவாசல் தொகுதி போய், 2011 தேர்தல் முதல் கெங்கவல்லி தனித்தொகுதி. எந்தக் கட்சியென்றாலும் எம்.எல்.ஏ. நம்மவர்தான். அதைக் குறைத்துப் பேசுபவன் நானல்ல. மேலவளவில் 1997இல் பஞ்சாயத்துத் தலைவராக இருந்ததற்காக முருகேசன் வெட்டப்பட்ட நாட்டில் ஒரு நாற்காலி என்பது சாதாரணமல்ல. ஆனால் இந்தத் தொகுதியில் நாற்காலிதான் தனி. நிலம் பழையபடிதான். நில உச்சவரம்பு 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள், 1970இல் 15 என்றார்கள். 2006இல் நிலமில்லாதவனுக்கு 2 ஏக்கர் என்றார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு ஏக்கரும் வரவில்லை. 2020இல் தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதற்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்துவிட்டது. மாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்க அப்பா மாட்டோடு படுத்துத் தூங்கியவர்.

எங்களுக்கென்று நிலமே இருந்ததில்லை என்று நான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892 செப்டம்பர் 30இல் போட்ட 1010ஆம் எண் அரசாணையில் தொடங்கி, மாகாணம் முழுக்கத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம் ஆளுக்கு மட்டும்தான் விற்கலாம். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் இதற்காகத்தான் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்தார்கள். அவர்கள் செத்த சேதியைப் பேப்பரில் படித்த அன்றைக்கு அப்பாவிடம் கேட்டேன், நம்ம ஊரிலும் அப்படி நிலம் இருந்ததா என்று. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "கரட்டு மேட்டுல உங்க தாத்தனுக்கு ரெண்டரை ஏக்கரா இருந்துச்சு. மூணு மூட்ட ராகிக்குக் குடுத்துட்டாரு." எழுதிக் கொடுத்தாரா என்றேன். "எழுதத் தெரிஞ்சா குடுத்திருப்பாரா?" என்றார்.

அதன்பிறகு நான் அலைந்தது தனிக்கதை. ஓர் ஆபீசில் பழைய பதிவேடு கரையான் அரித்துவிட்டது என்றார்கள். இன்னொரு ஆபீசில் அ-பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்பார்களே, புதிதாக எழுதிய பேர்தான் அதில் இருந்தது. அனுபவத்தில் இருப்பவன் பேருக்குப் பட்டா. டி.சி. என்ற இரண்டெழுத்து எங்கேயும் இல்லை. பழைய சர்வே எண் வேறு, புதிய சர்வே எண் வேறு, உட்பிரிவு வேறு. "அந்த எண்ணே இப்ப இல்ல சார்" என்றார் அங்கிருந்த பையன். நல்ல பையன்தான். டீ வாங்கிக் கொடுத்தான். ஓர் எண்ணை மாற்றினால் ஒரு நிலம் காணாமல் போய்விடும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள், சென்னையில் இருக்கிறார்கள், இரண்டு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வருகிறார்கள். காட்டு வேலைக்கு வயசானவர்களும் பெண்களும்தான் மிச்சம். என் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், எழுபதுக்கு மேல். தாத்தாவின் கால் அவருக்குத்தான் வந்திருக்கிறது.

போன வருசம் கரட்டு மேட்டில் இரண்டு பங்காளிகளுக்குள் தகராறு. சர்வேயர் வந்தார், சின்ன வயசு, கையில் சாட்டிலைட் கருவி. முக்காலியில் மாட்டி வைத்துவிட்டு, "பழைய கல்லு ஒண்ணு தெரிஞ்சாப் போதும், மீதிய மிஷின் சொல்லிடும்" என்றார். பங்காளிகள் இரண்டு பேரும் முழித்தார்கள். ஒருத்தர் ஆள் அனுப்பி என் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார். நானும் கூடப் போனேன். அண்ணன் வேலிக்கால் பக்கமாகப் போனார், நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் மண்ணைக் கீறினார். தோண்டினார்கள். கல் இருந்தது. சர்வேயர் சந்தோஷமாகக் கருவியைக் கொண்டுவந்து அதன்மேல் நிறுத்தினார். எண் வந்ததும் குறித்துக்கொண்டு அண்ணனிடம், "பெரியவரே, இதுல உங்க பாகம் எது?" என்று கேட்டார்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, "நாங்க ஆத்துக்கு இந்தப் பக்கங்க" என்றார்.